லேபிளில் டோர்சியின் பெயர்

லாரல் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
மார்ச் 4, 2019

வெண்டெல்,

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாத அக்கா இப்போது எழுதுகிறாளே, மனசு இளகிவிட்டாள் போல என்று நினைத்துவிடாதே. இளகவில்லை. உன் மருந்துக்கடை வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். போனில் கேட்டால் நீ மழுப்புவாய், நான் போனை வைத்துவிடுவேன். தாளில் கேட்டால் தாளில் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் டோர்சி சுரங்க வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய அலுமினியச் சாப்பாட்டு வாளியை விடவில்லை. முன்பெல்லாம் அது பாட்டுக்கு வண்டியில் கிடக்கும். இந்த ஜனவரியிலிருந்து வீட்டுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு அலைகிறார். ஹாலில் டிவி பார்த்தால் நாற்காலிக்குப் பக்கத்தில் வாளி. நான் துணி உலர்த்தப் போனால் பின்வாசல் படியில் வாளி. சர்ச்சில் பெஞ்சுக்கு அடியில் வாளி. போதகர் அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதில் சாப்பாடே இல்லை.

சனிக்கிழமை கோழிக்குத் தீனி போடப் போனவர் வாளியை மறந்து வைத்துவிட்டுப் போனார். நான் சும்மா இருப்பேனா? திறந்தேன். அந்த வாளி உனக்குத் தெரியும். மேல் அடுக்கில் ரொட்டி, அடி அடுக்கில் தண்ணீர். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு, துண்டுக்குள் ஓர் அட்டைப் பெட்டி. மூக்கில் அடிக்கிற மருந்து. நலோக்சோன். அதன்மேல் உன் கடை லேபிள். லேபிளில் டோர்சி ஸ்டில்ட்னர் என்று கொட்டை எழுத்தில் பெயர்.

அது என்ன மருந்து என்று எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் அது தெரியாத ஆள் யார்? பெட்ரோல் பங்க் கழிப்பறையில் நீலம் பாரித்துக் கிடக்கிறவர்களுக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் அடிப்பது. மருந்தில் யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவர்தான் அதைச் சாப்பிடுகிறவர். அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். அப்படியானால் என் புருஷன் எத்தனை நாளாகப் போதையில் இருக்கிறார்? ஹாலிஸ் ப்ரூயிட் என்று ஒரு டாக்டர் பெயரும் அதில் இருக்கிறதே, சார்ல்ஸ்டன் என்று போட்டு, அந்த ஆள் யார்? எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்படாத டாக்டர். மாநிலத் தலைநகரத்துக்கு டோர்சி எனக்குத் தெரியாமல் எப்போது போனார்?

இன்னொன்றும் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண் அசந்திருந்தேன். கன்னத்தில் சுளீரென்று ஓர் அறை. கண்ணைத் திறந்தால் டோர்சி, அடுத்த அறைக்குக் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்மேல் விரல் படாத மனுஷன். ஏன் என்று கேட்டேன். வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். இந்த மனுஷனுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று அன்றைக்கே நினைத்தேன். என்ன புகுந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

நீ எப்போது டாக்டரானாய், வெண்டெல்? யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாயா? மூன்று வருஷத்துக்கு முன் சர்ச் பெண்கள் பாதிப் பேர் வரிசையில் நிற்கும்போது, "என்ன அக்கா, வலி மாத்திரை அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாயே, அந்த வாய் டோர்சியிடம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

பதிலைக் கடை உறையில் போட்டு அனுப்பாதே. தபால்கார ஈயூலா உறையைப் பார்த்தே கதை கட்டுவாள்.

நோலா

*

ஹார்மன்
மார்ச் 8

அக்கா,

சாதா உறையில்தான் அனுப்புகிறேன். ஆனால் ஈயூலாவுக்கு என் கையெழுத்து தெரியும். உன் கடிதத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு நான் பிரிப்பேனா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கடைக்கு யார் வந்தார், என்ன வாங்கினார் என்று நான் யாரிடமும் சொல்லக்கூடாது. சட்டம் அப்படி. அக்கா கேட்டாலும் அப்படித்தான், போதகர் கேட்டாலும் அப்படித்தான். உன்னைப் பற்றி வேறு யாராவது வந்து கேட்டாலும் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. இதை நீ திட்டலாம், ஆனால் நம்பலாம்.

மருந்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன். அதில் போதை கிடையாது. அதை யாரும் ஆசைக்குச் சாப்பிட முடியாது. வலி மாத்திரையோ ஹெராயினோ மூச்சை அமுக்கும்போது, அந்த மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். அவ்வளவுதான் அதன் வேலை. நான் டாக்டராகவில்லை. முன்பெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் இதைத் தொடவே முடியாது. இப்போது மாநிலத்தில் எல்லா மருந்தாளுநர்களுக்கும் சேர்த்து ஒரே உத்தரவு போட்டிருக்கிறார்கள். கேட்டு வருகிறவர்களிடம் நானே விசாரித்து, எப்படி அடிப்பது என்று காட்டி, கையில் கொடுக்கலாம்.

வரிசையில் உன்னைக் கேட்ட கேள்வியை நாளைக்கும் கேட்பேன். அது என் வேலை.

டோர்சியிடம் நேராகக் கேள். கோபப்படாமல் கேள். பெட்டியை எடுத்த இடத்திலேயே வை. இரண்டு கடையில் மருந்து வாங்குவதையும் விட்டுவிடு அக்கா. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கு. அது என் கடையாக இருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை.

வெண்டெல்

*

லாரல் ஃபோர்க்
மார்ச் 15

வெண்டெல்,

நான் இரண்டு கடையில் வாங்குகிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும்?

வலி மாத்திரையை மலைக்கு அந்தப் பக்கம் போய் வாங்குகிறேன். பதற்றத்துக்கான மாத்திரை தபாலில் வருகிறது. அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டிப் பார்த்தாயா? உன் வாடிக்கையாளர் இல்லாதவர்களை அப்படிப் பார்ப்பது குற்றம் என்று எனக்கும் தெரியும். டோர்சியின் விஷயம் ரகசியம், என் விஷயம் மட்டும் சந்தையில் கிடக்கிறதா?

நீ சொன்னபடியே கேட்டேன். சோளரொட்டியும் பீன்ஸும் வைத்து, அவர் வயிறு நிறைந்தபின், குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன். "டோர்சி, வாளிக்குள்ள இருக்கறது யாருக்கு?" மனுஷன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை விடு நோலா" என்றார். அவ்வளவுதான். எழுந்து நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டார். நாய் அப்போதுதான் தின்று முடித்திருந்தது.

அப்புறம் நானே வேவு பார்த்தேன். அவர் கண் அசந்தபோது சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன், ஊசிக் குத்து ஒன்றும் இல்லை. காபியை முகர்ந்தேன், காபி வாசனைதான். வியாழக்கிழமை வியாழக்கிழமை முடி வெட்டப் போகிறேன் என்று ஹார்மனுக்குக் கிளம்புகிறாரே, முடி காதை மூடிக்கொண்டு கிடக்கிறது. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை என் மாத்திரை பாட்டில்கள் இரண்டும் அலமாரியில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் அதே இடத்தில் இருக்கின்றன. கொட்டிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். குறைந்திருந்தால் திருடன் என்று முடித்துவிடலாம். குறையாமல் எடுத்துக் குறையாமல் வைப்பவனை என்னவென்று சொல்வது?

இன்னும் கேள். நாற்காலியில் நான் கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், எதிரில் தொப்பிகூடக் கழற்றாமல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். தோளைப் பிடித்து உலுக்கி, "நோலா, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்கிறார். சொந்தமாகக் கிழமை தெரியாத அளவுக்கு மூளை குழம்பிவிட்டது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

சார்ல்ஸ்டனுக்கும் போன் போட்டேன். அந்த ப்ரூயிட் நோயாளி யாரையும் பார்ப்பதில்லையாம், மாநிலச் சுகாதார அதிகாரியாம். போனை எடுத்த பெண் இனிமையாகத்தான் சொன்னாள். டோர்சியின் முகத்தையே பார்க்காத ஒருவர் டோர்சிக்கு மருந்து எழுதியிருக்கிறார், அதை நீ கொடுத்திருக்கிறாய். இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? எங்கள் சர்ச் ஓப்பல் சொல்வது சரிதான். அவள் தங்கை இன்சுலின் வாங்கக் காசில்லாமல் வண்டியை விற்றாள். போதைக்காரர்களுக்கு மட்டும் எல்லாம் கைக்கு வந்து சேர்கிறது.

டோர்சியை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டேன். சண்டை போடவில்லை. இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் ஆர்வில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ட்ரெய்லர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது வாளியை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார், என்ன திமிர் பார். அந்தப் பெட்டியை இதோடு உனக்கே அனுப்புகிறேன். போதைக்காரன் மருந்து என் கூரைக்குக் கீழே இருக்க வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். மனசு படபடப்பதால் அந்தப் பதற்ற மாத்திரையில் அரை கூடுதலாகப் போட்டுக்கொள்கிறேன். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வருகிறது. உலுக்கி எழுப்ப ஆளில்லாதது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

நோலா

*

ஹார்மன்
மார்ச் 19

அக்கா,

முதலில் இது. அந்தக் கூடுதல் அரையை நிறுத்து. இன்றைக்கே நிறுத்து. டாக்டர் எழுதிய அளவில் கை வைக்காதே, திடீரென்று விட்டால் அதுவும் ஆபத்து. கூடுதல் மட்டும் வேண்டாம். அதை வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்காதே என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரனுக்குத் தபால் மாத்திரை பற்றித் தெரியுமா? இப்போதே அவனுக்குப் போன் போட்டுச் சொல். என்மேல் உள்ள கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உன் பெயரை நான் கம்ப்யூட்டரில் தட்டவில்லை. அம்மாமேல் ஆணை. எப்படித் தெரியும் என்று நீ கேட்டால், அதற்கும் என்னால் பதில் சொல்ல முடியாது.

பார்சல் வந்தது. கடையை விட்டு ஒருமுறை வெளியே போன மருந்தைத் திரும்ப அலமாரியில் வைக்கக்கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. இப்போதைக்கு என் கோட்டுப் பையில் இருக்கிறது.

லேபிளைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நம் சர்ச் பெண்கள் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னபோது சொன்னதுதான், நீ அன்றைக்கு வரவில்லை. மாநிலத்தில் இந்த மருந்து வாங்குகிற அத்தனை பேர் லேபிளிலும் ப்ரூயிட் பெயர்தான் இருக்கும். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர். நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கடைக்கு வந்து மருந்தை வாங்கிக்கொண்டு போகிறவரின் பெயரைப் போடுகிறோம். இதை மூச்சு நின்றவர் தனக்குத்தானே அடித்துக்கொள்ள முடியாது. அவருக்கு நினைவே இருக்காது. பக்கத்தில் இருக்கிறவர்தான் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து, மூக்கில் வைத்து அழுத்த வேண்டும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அதனால்தான் சட்டத்தையே மாற்றினார்கள்.

வீட்டில் தனியாகத் தூங்காதே. டோர்சியைக் கூப்பிடு. அது முடியாது என்றால் ஆர்வில் மனைவியைக் கூப்பிடு. அதுவும் முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், நீ கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி.

வெண்டெல்

*

லாரல் ஃபோர்க்
மார்ச் 25

வெண்டெல்,

நேற்று என் வாசலில் உனக்கு என்ன வேலை?

கதவைத் தட்டினாய், நான் திறக்கவில்லை. மரியாதை தெரிந்தவன் என்றால் போயிருக்க வேண்டும். நீ வண்டியைச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே திருப்பி நிறுத்திவிட்டு, மத்தியானம் பூராவும் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முதலில் டோர்சி, இப்போது நீ. திரைச்சீலையை இழுத்து மூடினேன். மூடினதும் ஹாரன் அடித்தாய். திறந்தேன், நிறுத்தினாய். மறுபடி மூடினேன், மறுபடி அடித்தாய். பக்கத்து வீட்டு நாய்களெல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன. கடைசியில் உன் ஹாரனுக்குப் பயந்து நான் கண்ணைக்கூட மூடவில்லை. பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நீயும் டோர்சியும் சேர்ந்து எதையோ மறைக்கிறீர்கள். லேபிள், உத்தரவு, சர்ச் கூட்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்வதை எனக்கு எழுதுகிறாய், கேட்டதற்குப் பதில் இல்லை. கூடுதல் அரையை நிறுத்திவிட்டேன், நீ சொன்னதற்காக இல்லை, மாத்திரை சீக்கிரம் தீர்ந்தால் தபாலில் அனுப்புகிறவனும் உன்னைப் போலக் கேள்வி கேட்பானே என்று. இனிமேல் நேராகச் சொல்வதாக இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

நோலா

*

ஹார்மன்
மார்ச் 27

அக்கா,

நேராக என்னால் சொல்ல முடியாது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். உட்கார்ந்து யோசித்துப் பார்.

இந்த மருந்தைப் பக்கத்தில் இருக்கிறவர்தான் அடிக்க முடியும் என்று சொன்னேன். டோர்சி தனக்காக வாங்கியிருந்தால், அதை யார் கையில் கொடுத்திருப்பார்? யாரிடமிருந்து ஒளித்திருப்பார்?

வெண்டெல்

*

லாரல் ஃபோர்க்
ஏப்ரல் 2

வெண்டெல்,

உன் கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். ஈயூலா வண்டியைக் கிளப்பாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தனக்காக வாங்கியிருந்தால் என் கையில்தான் கொடுத்திருப்பார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? "நோலா, நான் விழுந்தா இதை மூக்குல அடி" என்று காட்டிக் கொடுத்திருப்பார். அவர் ஒளித்தது என்னிடமிருந்து மட்டும்தான். நான் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டை விட்டுப் போகச் சொன்னபோதும் அதை எடுத்துக்கொண்டு போகாமல் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் போதைக்காரியாக்கிவிட்டீர்கள் என்று கொதித்துப்போய் ஆர்வில் வீட்டுக்கு வண்டியை விட்டேன். டோர்சி ட்ரெய்லர் படியில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து குளிர்ந்த பீன்ஸை ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தார். தாடி வேறு. நான் கத்துவதற்கு எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்தால், ஏனோ, வேறொன்று வந்தது. "ஜனவரியில என்னை எதுக்கு அறைஞ்சே?" என்று கேட்டேன்.

டப்பாவைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீ தூங்கலை, நோலா. மூச்சு விடலை. குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே, அது நின்னுபோச்சு. உதடு நீலமாயிடுச்சு. கூப்பிட்டேன், உலுக்கினேன், ஒண்ணுக்கும் அசையலை. அதான் அறைஞ்சேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"மாத்திரையைப் பத்தி எவன் வாயெடுத்தாலும் வீட்டை விட்டுப் போகணும்னு நீதானே சொன்னே. வெண்டெல் கடையிலேருந்து அழுதுக்கிட்டு வந்தியே, அன்னிக்கு." காலையே பார்த்துக்கொண்டு பேசினார். "நானும் உன்னை அப்படித்தான் நினைக்கிறேன்னு நீ மருகுறதைவிட, நான் போதைக்காரன்னு நீ நினைச்சா நினைச்சுக்கோன்னு இருந்துட்டேன்."

வெண்டெல், அந்த மனுஷன் நான் கண் மூடும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்திருக்கிறார். கிழமை தெரியாமல் கிழமை கேட்கவில்லை. நான் அவர் சட்டைக் கையைச் சுருட்டி ஊசிக் குத்துத் தேடியிருக்கிறேன். அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆர்வில் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அவளும் பார்க்கட்டும்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தாடியை எடுத்தாயிற்று, முடியை நானே வெட்டிவிட்டேன், ஒரு பக்கம் கோணல். ஆனாலும் உங்கள் இருவர் மேலும் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. முடி வெட்டப் போகிறேன் என்று போன வியாழக்கிழமைகளில் உன் கடையில் உட்கார்ந்து, என் பாட்டில்களை உன்னிடம் காட்டினதோடு, என்னைப் பற்றி என்னென்ன பேசினீர்கள் என்று ஒரு நாள் கறந்துவிடுவேன்.

அந்த மருந்து இன்னும் உன் கோட்டில்தானே இருக்கிறது? வரும் வியாழக்கிழமை நானும் டோர்சியும் கடைக்கு வருகிறோம். இரண்டு பாட்டிலையும் ரொட்டிப் பையில் போட்டு எடுத்து வருகிறேன், இனிமேல் உன் கடையிலேயே கொடு. எப்படி அடிப்பது என்று டோர்சிக்கு இன்னொரு தடவை காட்டு. லேபிளில் அவர் பெயரே இருக்கட்டும், மாற்ற வேண்டாம்.

என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேள். அரை மாத்திரை எத்தனை நாளாகப் போட்டேன் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் வரிசையில் ஆள் இருந்தால், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேள்.

உன் அக்கா
நோலா